பூட்டுக்கு இந்தப் பக்கம்

ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில் பைக்காராவைத் தாண்டினால் மலை மேற்கே சரியத் தொடங்கும். அந்தச் சரிவின் தலைமாட்டில் இருக்கிறது நடுவட்டம். தென்மேற்குப் பருவம் பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் வெயில் முகம் காட்டாத ஊர். ஊசிமலைக்கும் தவளைமலைக்கும் போகிறவர்கள் இங்கே வண்டியை நிறுத்தி டீ குடிக்கிறார்கள். அவர்களில் சிலர் பழைய ஜெயிலையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தடித்த சுவர்கள், குறுகிய அறைகள், ஈரத்தின் வாடை. உள்ளே நின்று படம் எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். வந்தவர்கள் பார்த்தது சுவரை. அந்தச் சுவருக்குள் ஆட்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை யாராவது உட்கார்ந்து சொன்னால்தான் தெரியும்.

சீனாக்காரர்களை அடைத்து வைத்த ஜெயில் என்று ஊரில் சொல்கிறார்கள். அபினிப் போரில் பிடிபட்டவர்கள் என்பது வாய்வழியாக வரும் கதை. 1908இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய நீலகிரி மாவட்ட கெசட்டியர் சொல்வது வேறு. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில், தண்டனை பெற்ற சீனர்களை வைத்திருக்கப் போதிய சிறை இல்லை. அதனால் அவர்கள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து நீலகிரிக்கு வந்தார்கள். நான் கெசட்டியரின் பக்கம் சாய்கிறேன். போர்க்கைதி என்றால் கதைக்கு ஒரு வீரம் கிடைக்கிறது. ‘அங்கே இடம் இல்லை, இங்கே அனுப்பு’ என்பதில் வீரம் எதுவும் இல்லை. ஆனால் சிறைகளின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரு மனிதனுக்கு நீதிபதி விதித்த தண்டனை ஒன்று. நிர்வாகத்தின் போதாமை அவனுக்கு விதித்த தண்டனை இன்னொன்று. கன்டோனீஸ் பேசுகிற ஒருவனைத் தன் மொழி தெரிந்த ஒரு மனிதர்கூட வெளியே இல்லாத ஒரு மலையில் அடைக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதியிருக்காது.

வந்தவர்களுக்கு வேலை காத்திருந்தது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சின்கோனாவை, ஊட்டி தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் வில்லியம் மெக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்துக்கொண்டிருந்தார். பட்டையிலிருந்து கொய்னா எடுப்பார்கள். மலேரியாவுக்கு அன்றைக்கு அதுதான் மருந்து. காட்டைத் திருத்தவும் குழி தோண்டவும் கைகள் வேண்டும். கைதியின் கைக்குக் கூலி கேட்கத் தெரியாது. ஊட்டியை அடுத்த லவ்டேலில் லாரன்ஸ் அநாதை விடுதி எழும்பியபோதும் இதே சீனக் கைதிகளைத்தான் வேலைக்கு விட்டார்கள்.

லவ்டேலில் அவர்களை வைத்திருந்தது தற்காலிகக் கட்டடம். 1860களில் ஒரு நாள், பேய்மழை பெய்த இரவில், பன்னிரண்டு பேர் உடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். துப்பாக்கியோடு போலீஸ் கோஷ்டிகள் மலையெங்கும் தேடின. இரண்டு வாரம் கழித்து மலபாரில் பிடிபட்டபோது அவர்களிடம் போலீஸ் ஆயுதங்கள் இருந்தன. தேடப் போன கோஷ்டிகளில் ஒன்று திரும்பியிருக்கவில்லை. பிறகு சிஸ்பாறைக் கணவாய்ப் பாதையில், வாலகாட்டில், நான்கு போலீஸ்காரர்களின் உடல்கள் தலை துண்டிக்கப்பட்டு, வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. கெசட்டியர் இதை ஒரு சாகசக் கதைபோலச் சொல்லிக்கொண்டு போகிறது. எனக்கு அந்த நான்கு பேரைக் கடந்து போக முடியவில்லை. உள்ளூர்ச் சம்பளத்துக்குச் சேர்ந்த எளிய காவலர்களாகத்தான் இருந்திருப்பார்கள். கடல் தாண்டி ஒரு சிறையில் இடம் இல்லாமல் போனதற்கு, நீலகிரிக் காட்டில் இவர்கள் விலை கொடுத்தார்கள். கைதியை மலிவாக வைத்திருப்பது என்று அரசு முடிவுசெய்தால், முதலில் நசுங்குகிறவர்கள் கைதியும் அவனுக்குக் காவல் நிற்கிறவனும்தான். இந்த இருவரும் எதிரெதிர் என்று நமக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் கப்பல் போயிருக்கிறது. 1825 முதல் இந்தியாவிலிருந்து, சென்னை மாகாணத்திலிருந்தும், தண்டனைக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சாலைகள் போட்டார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். அவர்களைக் காவல் காக்கச் சம்பள ஆட்களைப் போதுமான அளவுக்கு வைக்கவில்லை. கைதிகளிலிருந்தே வார்டர்களை நியமித்தார்கள். சிங்கப்பூர்ச் சிறையை நடத்திய மக்நாயர் 1899இல் எழுதிய நூலுக்கு வைத்த தலைப்பே ‘கைதிகளே தம் வார்டர்கள்’ என்று பொருள்படும். பெருமையோடுதான் வைத்தார். ஆள் பற்றாக்குறையைச் சீர்திருத்தம் என்று சொல்லும் வழக்கத்துக்கு வயது கொஞ்சம் அதிகம். 1894ஆம் ஆண்டு இந்தியச் சிறைச் சட்டத்திலும் கைதி அலுவலருக்கு இடம் உண்டு. சம்பளக் காவலர் குறைந்த கொட்டடியில் அதிகாரம் வெற்றிடமாக நிற்காது. அங்கே யார் வலுத்தவரோ அவரிடம் போய்ச் சேரும். சாதியும் பணமும் வெளியே யாரை வலுத்தவர் ஆக்குகின்றனவோ, உள்ளேயும் அவரைத்தான் ஆக்கும். சிறை விதிகளில் சாதிப்படி வேலை பிரிப்பதை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது 2024 அக்டோபரில்தான். அந்த வழக்கில் பாளையங்கோட்டைச் சிறையின் பெயரும் அடிபட்டது.

இன்றைய சிறைக்கு வருவோம். மாலை எண்ணிக்கை முடிந்து லாக்கப் ஆகிவிட்டால் கதவு திறப்பது மறுநாள் காலையில். பல சிறைகளில் நண்பகலிலும் ஒரு பூட்டு உண்டு. இது ஆள் சரியாக இருக்கும் நாளின் கணக்கு. ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதை வெளியே இருக்கிறவர்கள் யோசித்துப் பார்ப்பதில்லை. காலையில் பிளாக்கைத் திறந்துவிட ஒருவர் வேண்டும். திறந்த பிறகு முற்றத்தில் நிற்க ஒருவர் வேண்டும். குளிக்கப் போகிறவர்களைப் பார்த்துக்கொள்ள, நூலகத்துக்குக் கூட்டிப்போக, ஆஸ்பத்திரி வார்டில் இருக்க, மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, வந்த குடும்பத்துக்கு எதிரே கைதியைக் கொண்டுவந்து உட்காரவைக்க, ஒவ்வொன்றுக்கும் சீருடை போட்ட ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவர் இல்லை என்றால், பூட்டு தானாகத் திறக்காது. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, யாரும் கொடுமைக்காரராக இருக்க வேண்டியதில்லை. ட்யூட்டி ரோஸ்டரில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும்.

2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்கிறது. கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. மூன்று முறைக்குப் பிரித்தால் ஒரு நேரத்தில் பதினெட்டுப் பேருக்கு ஒருவர் ஆகிறது. வார விடுப்பு, மருத்துவ விடுப்பு, பயிற்சி, கோபுரக் காவல், வாசல் காவல் எல்லாம் போக மிஞ்சுவது இன்னும் குறைவு. அந்த அளவுகோல்கூடப் பெரும்பாலான இடங்களில் ஏட்டோடு சரி; அனுமதித்த பணியிடங்களிலும் நாடு முழுவதும் ஏறக்குறைய 30 விழுக்காடு காலி. 2018இல் உச்ச நீதிமன்றமே இந்தக் காலியிடங்களைச் சுட்டிக்காட்டி, உயர் நீதிமன்றங்கள் தாமாக முன்வந்து வழக்காக எடுக்க வேண்டும் என்று சொன்னது. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இன்னும் குற்றவாளி என்று யாராலும் தீர்ப்பளிக்கப்படாதவர்கள், நால்வரில் மூவர். தமிழ்நாட்டில் சிறைகள் மொத்தத்தில் கொள்ளளவைத் தாண்டவில்லை என்று நாம் சற்று ஆறுதல் கொள்ளலாம்தான். ஆனால் தாராளமான அறையிலும் பூட்டு பூட்டுதான்.

இதில் என் தூக்கத்தைக் கெடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. தனிமைச் சிறை என்பதைச் சட்டம் எவ்வளவு பயத்தோடு கையாண்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகளின்படி அதை விதிக்க நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். கடுங்காவல் தண்டனைக்கு மட்டுமே. மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு மூச்சில் 14 நாளுக்கு மேல் கூடாது. புதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த வரம்புகள் அப்படியே இருக்கின்றன. சிறைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு இன்னும் நுணுக்கமானது. தனியறையில் அடைக்கப்பட்டவர் எந்த நேரத்திலும் ஓர் அலுவலரைத் தொடர்புகொள்ள வழி இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் அடைத்தால் மருத்துவர் தினம் ஒரு முறையாவது வந்து பார்க்க வேண்டும். எழுதியவர்கள் காலனி அதிகாரிகள். கைதிமீது கருணை பொங்கி எழுதியவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கே தெரிந்திருந்தது, பூட்டிய அறைக்குள் ஒரு மனிதன் கூப்பிடும்போது வெளியே ஒருவர் இருந்தாக வேண்டும் என்று.

அந்த ‘வெளியே ஒருவர்’தான் இன்றைக்குக் காலியிடம். நீதிபதி நினைத்தாலும் ஒரு மனிதனைத் தொடர்ந்து 15ஆம் நாள் தனிமையில் வைக்க முடியாது. ஆள் பற்றாக்குறை வைக்க முடியும், 50 நாளானாலும். அதற்கு மேல்முறையீடு கிடையாது. அது தண்டனை என்றே எங்கும் பதிவாவதில்லை. ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள், 2015இல் ஏற்கப்பட்டவை, ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி அடைப்பதைத் தனிமைச் சிறை என்கின்றன. தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் கூடாது என்கின்றன. காரணம் என்னவாக இருந்தாலும் நிலைமை அதுதான் என்பதே இந்த வரையறையின் பலம். உள்ளே இருப்பவனுக்கு, தன்னைத் தண்டிக்கப் பூட்டினார்களா, ஆள் இல்லாமல் பூட்டினார்களா என்பது சுவரில் எழுதியிருக்காது.

சில இடங்களில் இது எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வாபன் சிறை உதாரணம். 1850களில், நம் நீலகிரிச் சீனக் கைதிகளின் காலத்துக்குச் சற்று முன்னால், கட்டப்பட்டது. 2023 மார்ச்சில் கைதிகளை அறைகளில் அடைத்தார்கள். காவலர் பணியிடங்களில் பாதிக்கு மேல் காலியாக இருந்தன. அடைப்பு மாதக்கணக்கில் நீண்டது. நேர்காணல் நின்றது, வெளிக்காற்று நின்றது, மருத்துவம் தள்ளிப்போனது. அடுத்தடுத்து மரணங்கள். 2024 ஜூனில் சிறையின் தலைமை அதிகாரியும் ஊழியர்களுமாக ஒன்பது பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. உலகிலேயே பணக்கார நாட்டில் நடந்தது இது. ஆகவே பணம் இல்லை என்பது முழுக்க உண்மையான காரணமாக இருக்க முடியாது. யாருக்காகச் செலவழிக்க மனம் வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நம் உச்ச நீதிமன்றம் இதை முன்பே சொல்லிவிட்டது. 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், நிதி இல்லை என்று சொல்லி அரசு ஒரு கைதியின் அடிப்படை உரிமையை மறுக்க முடியாது என்றது. அதற்கு முந்தைய ஆண்டு சுனில் பத்ரா வழக்கில், சிறைக் கதவுக்குள் நுழைந்ததும் அரசியல் சட்டம் கைவிட்டுவிடாது என்று தீர்ப்பளித்த அமர்வில் வி.ஆர். கிருஷ்ணய்யர் இருந்தார். 1948இல் தானே சில வாரம் உள்ளே இருந்தவர். 1957இல் கேரளத்தில் சிறைத் துறையையும் கவனித்த அமைச்சர். அதே பத்ரா, சக கைதி ஒருவர் சித்திரவதைப்பட்டதை ஒரு கடிதமாக எழுதி அனுப்ப, அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றார்கள். அந்தக் கடிதம் கொட்டடியிலிருந்து தபாலுக்குப் போய்ச் சேர்ந்த வழியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எங்கோ ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் வந்துபோயிருக்க வேண்டும். நாள் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பிளாக்கிலிருந்து எந்தக் கடிதமும் கிளம்பாது.

நடுவட்டத்திலிருந்தோ டி.ஆர். பஜாரிலிருந்தோ இன்று ஒருவர் தண்டனை பெற்றால் அவரை வைத்திருக்க இந்த மலையில் பெரிய சிறை இல்லை. கிளைச் சிறைகளோடு சரி. கோவை மத்தியச் சிறைக்குத்தான் கொண்டுபோவார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல். மனு பார்க்கப் போகும் அம்மா இருட்டோடு எழுந்து, ஊட்டி பஸ் பிடித்து, அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை இறங்கி, ஆதாரைக் காட்டிப் பதிந்துவிட்டு, பெயர் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் போகவில்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. பஸ் செலவும் சாப்பாடும் தனி. கிடைப்பது சில நிமிடப் பேச்சு, பல குரல்களுக்கு நடுவே. ‘இன்னிக்கு மனு கிடையாதும்மா, ஆள் பத்தல, அடுத்த வாரம் வாங்க’ என்று ஒரு காவலர் சொல்லிவிட்டால், அவர் குரல் எவ்வளவு தணிவாக இருந்தாலும், அந்த அம்மாவுக்கு, அடுத்த வாரத்தையும் சேர்த்து, இரண்டு நாள் சம்பளம் போனது போனதுதான். மகனுக்கு அம்மா வந்ததே தெரியாமல் போகலாம். குடும்பத்தையும் வக்கீலையும் பார்ப்பது வாழும் உரிமையின் பகுதி என்று 1981இல் பிரான்சிஸ் கோரலி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அந்தத் தீர்ப்பை அந்த அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையும் காவலர் பட்டியலில் விடுபட்ட அந்த ஆளுடையதுதான்.

வழிக்காவல் என்று இன்னொன்று இருக்கிறது. கைதியை வெளி ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ கூட்டிப்போக ஆயுதப் படையிலிருந்து போலீஸ் வர வேண்டும். பந்தோபஸ்து, திருவிழா, அமைச்சர் வருகை என்று அவர்களுக்கும் நூறு வேலை. வழிக்காவல் வரவில்லை என்றால் ஸ்கேன் தள்ளிப்போகிறது, வாய்தா தள்ளிப்போகிறது. வாய்தா தள்ளிப்போன விசாரணைக் கைதிக்கு அது இன்னும் இரண்டு வாரச் சிறை. காணொளியில் முகத்தைக் காட்டிக் காவலை நீட்டித்துவிடலாம். நெஞ்சுவலியைக் காணொளியில் பரிசோதிக்க முடியாது.

காவலரின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து இரட்டை முறை பார்க்கும் ஒருவர், தூக்கம் கெட்டு, லீவு கேட்டுக் கிடைக்காமல், நூற்றுக்கணக்கானவர்கள் நடமாடும் பிளாக்கில் கையில் சாவியோடு தனியாக நிற்கிறார். அவருக்குப் பயம் வரும். பயத்தில் இருப்பவர் சீக்கிரம் பூட்டுவார், தாமதமாகத் திறப்பார், சின்ன விஷயத்துக்குக் கை ஓங்குவார். அவரைத் திட்டி இதைச் சரிசெய்ய முடியாது. இருக்கும் ஆட்களையும் எங்கே வைக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. புழல் சிறை தொடர்பான வழக்கு ஒன்றில், சீருடைப் பணியாளர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்துவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கடுமையாகக் கண்டித்து, அவர்களைச் சிறைப் பணிக்கே திருப்பச் சொன்னது. அதே ஆண்டில் வேலூரிலிருந்து வந்த வழக்கு இன்னும் கனமானது. ஆயுள் கைதி ஒருவரை அதிகாரி வீட்டில் வேலைக்கு வைத்து, திருடினார் என்று அடித்து, தொண்ணூறு நாளுக்கு மேல் தனிக்கொட்டடியில் அடைத்தார்கள் என்று அவருடைய தாயார் நீதிமன்றத்துக்குப் போனார். சிபிசிஐடி வழக்குப் பதிந்தது. சட்டம் 14 என்று நிறுத்திய இடத்தை நினைத்துக்கொண்டு அந்தப் புகாரைப் படித்துப் பாருங்கள். பூட்டிய கதவின் கணக்கை வெளியே யாரும் கேட்பதில்லை என்ற நம்பிக்கை இருந்தால்தான் அப்படி ஒன்று நடக்கும்.

‘தப்பு பண்ணினவனுக்கு என்ன சொகுசு’ என்பவர்கள் என் வீட்டிலும் உண்டு. அவர்களுடைய கோபம் பொய் இல்லை. பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று பேசுகிறார்கள். ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. சட்டம் பறித்தது அவனுடைய நடமாட்டத்தை. அதற்கு மேல் அவனுடைய பல்வலிக்கு மருந்தையும், தாயின் முகத்தையும், ஒரு மணி நேர வெயிலையும் பறித்தது யார்? யார் பெயரில்? தண்டனை கூட வேண்டும் என்றால் சட்டமன்றத்தில் சொல்லிக் கூட்டலாம், அதற்கு யாராவது பொறுப்பேற்பார்கள். காலியிடம் பொறுப்பேற்காது.

நீலகிரிக்கு வந்த சீனர்களில் சிலர் விடுதலைக்குப் பிறகு ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலான சரிவில் குடியேறி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைக் கண்டு, மூக்கையும் தலையையும் அளந்து எழுதிவைத்தார். எத்தனை நாள் எத்தனை மணி நேரம் அவர்களைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்பதை அளக்க அவருக்குத் தோன்றவில்லை.

நமக்கும் தோன்றவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரத்தில் கைதிகளின் வயது, மதம், படிப்பு, மரணம், தப்பித்தவர்கள், சாப்பாட்டுச் செலவு எல்லாம் அட்டவணையாக இருக்கின்றன. கதவு திறந்திருந்த நேரத்துக்கு அட்டவணை இல்லை. அதைத் தொகுப்பது கடினம் ஒன்றும் இல்லை. பூட்டுவதும் திறப்பதும் எண்ணிக்கையோடு நடக்கும் வேலை, எண்ணிக்கைக்குப் பதிவேடு இருக்கிறது. பிளாக் வாரியாகத் திறந்த நேரம், பூட்டிய நேரம், மனு ரத்தான நாள், வழிக்காவல் வராததால் போகாத ஆஸ்பத்திரி, இந்த நான்கும் மாதம் ஒரு தாளில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகட்டும். சிறையைப் பார்வையிட வரும் நீதிபதியிடம் அந்தத் தாளை வாசலிலேயே கொடுக்கட்டும். ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கை நிறைவேற்ற நிதித் துறை எத்தனை ஆண்டு எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. அதுவரை தினமும் கதவு திறந்திருக்கும் குறைந்தபட்ச நேரம் இவ்வளவு என்று ஓர் அரசாணை போடலாம். அதற்குக் கீழே போன ஒவ்வொரு நாளையும், ரோஸ்டரில் எந்தக் கட்டம் காலி என்ற விவரத்தோடு, கண்காணிப்பாளர் கையெழுத்திட்டு உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சேர்த்துவிடலாம்.